கிடைப்பதும் கைக்கு வருவதும்

கருத்தடையைப் பற்றிப் பேச்சு வந்தாலே பலர் உடனே சொல்வது, "விழிப்புணர்வு இல்லை" என்பதுதான். படிக்காதவர்கள், விவரம் தெரியாதவர்கள், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்கவே முடிவதில்லை. ஒரு பெண் கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாமல் இருக்கிறாள் என்றால், பெரும்பாலும் அவளுக்கு அதைப் பற்றி நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் அவள் கைக்கு வரவில்லை என்று கேட்கத் தொடங்கினால், அவளுடைய சம்பளம், வேலை நேரம், வீட்டில் அவளுக்கு இருக்கும் இடம், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காத மருத்துவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் 190 கோடிப் பேர். அதில் 110 கோடிப் பேர் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடவோ நிறுத்திக்கொள்ளவோ தேவை உள்ளவர்கள். அவர்களில் சுமார் 84 கோடிப் பேர் நவீனக் கருத்தடை முறை ஏதோ ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மீதி 27 கோடிப் பேருக்குத் தேவை இருக்கிறது, ஆனால் கையில் நவீன முறை எதுவும் இல்லை. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 12 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருகின்றன என்கிறது. மொத்தக் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி.

அந்த 27 கோடிப் பேரும் அறியாமையில் இருக்கிறார்களா? குட்மாக்கர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-ல் 52 வளரும் நாடுகளின் தரவுகளை எடுத்து, கர்ப்பம் வேண்டாம் என்று இருந்தும் எந்த முறையையும் பயன்படுத்தாத மணமான பெண்கள் சொன்ன காரணங்களைத் தொகுத்தது. பக்கவிளைவு பற்றிய பயம் என்றவர்கள் 26 சதவீதம். கணவரோடு அதிகம் சேர்ந்திருப்பதில்லை என்றவர்கள் 24 சதவீதம். தானோ கணவரோ மற்றவர்களோ இதை எதிர்ப்பதாகச் சொன்னவர்கள் 23 சதவீதம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாதவிலக்கு திரும்பவில்லை என்றவர்கள் 20 சதவீதம். இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது என்றவர்கள் மிகமிகக் குறைவு.

பக்கவிளைவு பயம் என்றதும் அதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். நான் அதை ஒரு பொருளாதாரக் காரணமாகத்தான் பார்க்கிறேன். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி சாதனத்தைப் போட்ட முதல் சில மாதங்களில் மாதவிலக்கின்போது உதிரப்போக்கும் வலியும் கூடலாம். மருத்துவர், "கொஞ்ச நாள்ல பழகிடும்" என்பார். பலருக்கு உண்மையிலேயே பழகிவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நாளை யார் எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் உள்ள பெண் ஒரு நாள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். தினக்கூலிக்குப் போகிறவள் படுத்தால் அன்றைய வருமானம் போகும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற இடம், கழிப்பறைக்குப் போகவே மேற்பார்வையாளரிடம் கேட்டாக வேண்டும் என்றால், கூடுதல் உதிரப்போக்கு என்பது வெறும் அசௌகரியம் இல்லை. வேலையே போய்விடுமோ என்கிற கவலை அது. கருத்தடை ஊசியோ வேறு மாதிரி. நாள் தப்பும், இடையிடையே திட்டுத்திட்டாகப் படும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினால் பாதிக் கவலை போய்விடும். கூட்டம் வழியும் மருத்துவமனையில் அந்தப் பொறுமைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? திரும்பப் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் கூலி போகும். அப்புறம் அவள் ஊசியை நிறுத்திவிடுகிறாள். பதிவேட்டில் "பக்கவிளைவு பயம்" என்று ஏறுகிறது.

பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வதைக் காதில் வாங்காத பழக்கம் கருத்தடை மாத்திரையோடு கூடவே பிறந்தது. 1956-ல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில், ரியோ பியத்ராஸ் என்ற இடத்தில் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பில் மாத்திரையின் பெரிய சோதனை தொடங்கியது. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி வருகிறது என்று எழுதினார். இவ்வளவு பக்கவிளைவுள்ள மாத்திரையைப் பொதுவாகக் கொடுக்க முடியாது என்பது அவர் கருத்து. ஆய்வை நடத்திய கிரிகரி பிங்கஸ் குழு அதை மனப்பிரமை என்கிற அளவில் ஒதுக்கிவிட்டது. 1960-ல் அமெரிக்கா அனுமதித்த மாத்திரையில் இருந்த ஹார்மோன் அளவு இன்றைய மாத்திரைகளில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் பெண்கள் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் அளவைக் குறைக்கும் வேலை முன்கூட்டியே தொடங்கியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, விலைக்கு வருவோம். விலை குறைவா அதிகமா என்பதைவிட, எப்போது எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏழைப் பெண்ணின் கணக்கு. காப்பர்-டி பத்து ஆண்டு வரை இருக்கும். தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்று முதல் ஐந்து ஆண்டு. மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் மாத்திரையைவிட மலிவு. ஆனால் வகுத்துப் பார்த்துப் பணம் கட்ட முடியாது, முழுத்தொகையை முதல் நாளே வைக்க வேண்டும். கையில் மொத்தமாகப் பணம் சேராத வீட்டில், மலிவான முறைதான் எட்டாத முறை. அதனால் அவள் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறாள். பணம் இறுக்கமான மாதத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். பிள்ளையின் பால் செலவோடு போட்டி போட்டால் மாத்திரை தோற்றுவிடும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 9,256 பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா முறைகளையும் விளக்கிச் சொல்லி, எதை வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சுமார் 75 சதவீதப் பேர் கர்ப்பப்பைக்குள் நீண்டகாலம் இருக்கும் சாதனத்தையோ இம்ப்ளான்டையோ தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய அமெரிக்காவில் பொதுவாக அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெண்களுக்கு மாத்திரைதான் பிடிக்கும் என்று அதுவரை சொல்லிவந்ததில் பாதி விலையின் வேலை. மறுபாதி, உட்கார்ந்து விளக்க ஆள் இருந்ததும், பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம் என்ற உறுதியும்.

பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். அனுமதியை?

என் தோழி ஒருத்தி இரண்டாவது குழந்தைக்குப் பிறகு காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போனாள். படித்தவள், வேலையில் இருப்பவள். மருத்துவர் அவளைப் பரிசோதிக்கும் முன்பே கேட்டது, "வீட்டுக்காரர் வரலையாம்மா? அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க, பேசிட்டுப் பண்ணிக்கலாம்." அவள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். தன் கர்ப்பப்பை விஷயத்தில் மட்டும் அவள் கையெழுத்து செல்லவில்லை. அவளுடைய கணவர் மறுநாளே கூட வந்தார், வேலை முடிந்தது. வரமாட்டேன் என்கிற கணவர் வாய்த்தவளுக்கு அந்தக் கதவு அன்றோடு மூடியிருக்கும். அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. பின்னால் கணவர் வீட்டார் வந்து சண்டை போடுவார்களே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுப்பவள் எதிரே உட்கார்ந்திருப்பவள்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நவா அஷ்ராஃப், எரிக்கா ஃபீல்ட், ஜீன் லீ ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய சோதனை. 2014-ல் முடிவுகள் வெளிவந்தன. மணமான பெண்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதைக் காட்டினால் வரிசையில் காத்திருக்காமல் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸைப் பார்க்கலாம், ஊசியோ இம்ப்ளான்டோ இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். எல்லாருக்கும் சீட்டு ஒன்றுதான். ஒரு பகுதியினருக்கு அதைத் தனியாகக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கணவர் பக்கத்தில் இருக்கும்போது கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். கணவர் முன்னால் சீட்டு வாங்கியவர்கள் நர்ஸைப் பார்க்கப் போவது 19 சதவீதம் குறைந்தது. மறைத்துப் பயன்படுத்தக்கூடிய முறைகளை எடுத்துக்கொள்வது 25 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் குழந்தை பிறந்தது 27 சதவீதம் அதிகம்.

மருந்து அதேதான், மருத்துவமனை அதேதான், விலை பூஜ்யம். சீட்டைக் கொடுக்கும்போது அறையில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் மாறியது. ஊசி ஏன் இத்தனை நாடுகளில் பெண்களுக்குப் பிடித்த முறையாக இருக்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மாத்திரை அட்டையைப் பெட்டியில் துணிக்கு அடியில் ஒளிக்க வேண்டும். ஆணுறைக்கு அவன் சம்மதம் வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு வந்தால் எந்தத் தடயமும் இல்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. தனியாகச் சீட்டு வாங்கிய பெண்கள் பின்னால் தங்கள் மனநிறைவைப் பற்றிக் கேட்டபோது குறைவாகவே சொன்னார்கள். கூட வாழ்கிறவரிடம் ஆண்டுக்கணக்கில் ஒன்றை மறைப்பது சாதாரணப் பாரம் இல்லை. ரகசியம் அவளுக்கு வழி திறக்கிறது, நிம்மதியைக் கெடுக்கவும் செய்கிறது. கணவர்களிடமும் பேச வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கணவர் மனம் மாறும்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கர்ப்பம் காத்திருக்காது.

வீட்டில் கணவர் செய்வதைச் சில காலங்களில் அரசே செய்திருக்கிறது. அயர்லாந்தில் கருத்தடைப் பொருட்களை இறக்குமதி செய்வதும் விற்பதும் 1935 முதல் குற்றமாக இருந்தது. ஆனால் அறுபதுகளில் அங்கே மாத்திரை சாப்பிட்ட பெண்கள் உண்டு. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் மருந்து என்று எழுதித் தர மருத்துவர் கிடைத்தவர்கள் அவர்கள். தெரிந்த மருத்துவர், அவரிடம் தயங்காமல் பேசும் தைரியம், கொடுக்கப் பணம், இந்த மூன்றும் இருந்தவளுக்குச் சட்டம் வழிவிட்டது. 1971 மே 22 அன்று டப்ளினிலிருந்து பெண்கள் குழு ஒன்று ரயிலேறி, பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய், கருத்தடைப் பொருட்களை வாங்கிக்கொண்டு பகிரங்கமாகத் திரும்பியது. அங்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரை தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஆஸ்பிரின் மாத்திரைகளை வாங்கிவந்து சுங்க அதிகாரிகள் முன் காட்டினார்கள். அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தடுக்கவும் இல்லை.

அதைவிட என் மனதில் நிற்பவர் மேரி மெக்கீ. மீனவர் ஒருவரின் மனைவி, நடமாடும் வீடு ஒன்றில் குடும்பம், சில ஆண்டுகளுக்குள் நான்கு குழந்தைகள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த விந்தணு அழிக்கும் ஜெல்லியைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அவர் வழக்குப் போட்டார். 1973 டிசம்பரில் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 1979-ல் வந்த சட்டம் ஆணுறைக்குக்கூட மருத்துவர் சீட்டு வேண்டும் என்றது. உண்மையான குடும்பக் கட்டுப்பாட்டு நோக்கம் என்று மருத்துவர் நம்பினால்தான் சீட்டு. 1985 வரை அப்படி. ஜப்பானில் குறைந்த அளவு ஹார்மோன் மாத்திரைக்கு 1999 ஜூனில்தான் அனுமதி கிடைத்தது, பல பத்தாண்டுத் தயக்கத்துக்குப் பின். அதே ஆண்டு ஜனவரியில் ஆண்களுக்கான வயாகராவுக்கு ஆறே மாதப் பரிசீலனையில் அனுமதி கிடைத்திருந்தது. முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேண்டும் என்றவளுக்குக் கிடைக்காத கதை. வேண்டாம் என்றவள் மேல் திணித்த கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் பாதிக்கப்படுவது அதே ஏழைப் பெண். போர்ட்டோ ரிக்கோவில் 1965 வாக்கில், 20 முதல் 49 வயது வரையுள்ள தாய்மார்களில் மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1996 முதல் 2000 வரை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பெரும்பாலோர் மலைக்கிராமங்களின் ஏழைப் பழங்குடிப் பெண்கள், பலரிடம் முறையான சம்மதமே வாங்கவில்லை. இந்தியாவில் அவசரநிலையின்போது 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பகுதி ஆண்களுக்கு. அந்த வற்புறுத்தலுக்கு எதிரான கோபம் ஆட்சியை மாற்றியது. அதன்பின் ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின, இலக்கு முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பியது. ஆண்களுக்கான ஆபரேஷன் சிறியது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். இருந்தும் 2019-ல் உலகம் முழுவதும் பெண் ஆபரேஷனை நம்பியிருந்தவர்கள் 21 கோடியே 90 லட்சம், ஆண் ஆபரேஷனை நம்பியிருந்தவர்கள் 1 கோடியே 60 லட்சம் என்கிறது ஐ.நா. கணக்கு. ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அந்தப் பேச்சுக்கு முன்னால் மருத்துவமும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது.

திணிப்பு எப்போதும் கையைப் பிடித்து இழுத்துத்தான் நடக்க வேண்டும் என்றில்லை. இம்ப்ளான்டை இலவசமாக வைத்துவிட்டு, எடுக்க வந்தால் "இன்னும் காலம் முடியலையே" என்று திருப்பி அனுப்பினால் அதுவும் திணிப்புதான். வைப்பதற்கு ஐந்து நிமிடமும் கொஞ்சம் பயிற்சியும் போதும். எடுப்பதற்குத் திறமை கூடுதலாக வேண்டும், சில நேரம் அது தசைக்குள் ஆழமாகப் போயிருக்கும். எத்தனை பேருக்கு வைத்தோம் என்று கணக்கு காட்டும் திட்டங்கள், எடுக்கக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு எடுத்தோம் என்று அநேகமாகக் காட்டுவதில்லை. 2013-ல் இரண்டு பெரிய மருந்து நிறுவனங்கள் ஏழை நாடுகளுக்கான இம்ப்ளான்ட் விலையைச் சுமார் பாதியாகக் குறைக்க ஒத்துக்கொண்டன. லட்சக்கணக்கான பெண்களுக்கு அது உண்மையான நன்மை, அதை நான் மனதார வரவேற்கிறேன். அதே பெண்களுக்கு எடுக்கும் நாளும் வருமே, அதற்கான நர்ஸை யார் தயார் செய்வது?

இது சரியாக நடந்த இடங்களும் உண்டு. வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் 1977-ல் தொடங்கிய திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். தனியாக வெளியே போக முடியாத பெண்ணின் வாசலுக்கே மாத்திரையும் ஊசியும் வந்தன. வந்தவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வந்தாள், உதிரம் படுகிறது என்றால் உட்கார்ந்து கேட்டாள், வேறு முறைக்கு மாற்றினாள். திட்டம் இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கருத்தடை வேகமாகக் கூடியதையும் பிறப்பு விகிதம் குறைந்ததையும் பல ஆண்டுகள் பதிவு செய்திருக்கிறார்கள். அவள் திரும்ப வந்ததுதான் அந்தத் திட்டத்தின் உயிர் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பெண் தானே போட்டுக்கொள்ளும் ஊசி. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குமிழ், அதன் முனையிலேயே சின்ன ஊசி. மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கும். குலுக்கி, மூடியை உள்பக்கம் அழுத்தித் திறந்து, தொடையிலோ வயிற்றிலோ தோலைப் பிடித்துக் குத்தி, குமிழை மெதுவாக நசுக்க வேண்டும். 13 வாரத்துக்கு ஒரு முறை. மலாவியில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், தானே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதப் பேர் ஓராண்டு முழுக்கத் தொடர்ந்தார்கள். மருத்துவப் பணியாளரிடம் போய்ப் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதப் பேர்தான். இரண்டு தரப்புக்கும் மருந்து ஒன்றே, பக்கவிளைவும் ஒன்றே. பேருந்துக்கட்டணம், அரை நாள் கூலி, வரிசை, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம், இவை கழிந்தன.

இப்படி அரும்பாடுபட்டுக் கட்டியது எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காணும் என்பதை 2025-ல் பார்த்தோம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உலகிலேயே அதிக உதவி கொடுத்துவந்த அமெரிக்கா அதை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கி பெல்ஜியத்தில் கிடங்கில் வைத்திருந்த, சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள இம்ப்ளான்ட், ஊசி, மாத்திரை, காப்பர்-டி எல்லாவற்றையும் அழிக்கப் போவதாக ஜூலையில் சொன்னது. நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று அமைப்புகள் முன்வந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வசதியுள்ளவள் தனியார் மருந்துக்கடைக்குப் போய்விடுவாள். 13-ஆவது வாரம் முடிந்து அடுத்த குமிழுக்காக வந்து நிற்கிறவளுக்குப் போக வேறு இடம் இல்லை. வேறொரு நாட்டின் தேர்தல் முடிவில் இது தொங்கக்கூடாது. தடுப்பூசிக்கு ஒதுக்குவதுபோல ஒவ்வொரு அரசும் கருத்தடைக்கும் தன் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் தனித்தொகை ஒதுக்க வேண்டும். அந்தத் தொகையில் வைப்பதற்கான செலவோடு எடுப்பதற்கான செலவும், வீட்டு வாசலுக்குத் திரும்ப வருகிறவளின் சம்பளமும் இருக்க வேண்டும்.